பக்கத்து வீட்டுக்காரரை வண்டியில் ஏற்றிப் போனால்: வடசென்னைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி, மணி ஒன்றைத் தாண்டியிருக்கும், எங்கள் கதவை யாரோ தட்டினார்கள். எங்களுடையது ரயில்வே கேட்டை ஒட்டிய லைன் வீடு. ஏழு போர்ஷனுக்கும் ஒரே நடை. திறந்து பார்த்தால், கடைசிப் போர்ஷனில் குடியிருக்கும் வங்காளத்துப் பெண் இடுப்பில் குழந்தையோடு நின்றாள். "தாதா, தாதா" என்றதைத் தவிர அவள் சொன்னது எதுவும் எனக்குப் புரியவில்லை. நம் ஊரில் தாதா என்றால் ரவுடி. வங்காளத்தில் அது அண்ணன். அவள் என்னை அண்ணா என்று கூப்பிடுகிறாள் என்பது பிடிபடவே கொஞ்ச நேரமானது. கொத்தனார் வேலை பார்க்கும் அவள் வீட்டுக்காரரை ஒரு போலீஸ் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போயிருந்தது. பங்களாதேஷ் ஆள் என்று சந்தேகமாம்.

எந்த ஸ்டேஷனில் கேட்பது, என்னவென்று கேட்பது, யாருக்கு போன் போடுவது, எதுவும் எனக்குத் தெரியாது. விடியும்வரை மூன்று ஸ்டேஷன் அலைந்தோம். மறுநாள் சாயங்காலம், அவருடைய ஊரான மேற்கு வங்கத்து முர்ஷிதாபாத்திலிருந்து அப்பாவின் பெயர் இருக்கும் பழைய வாக்காளர் பட்டியல் பக்கம் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்த பிறகுதான் விட்டார்கள். அவர் இந்தியக் குடிமகன். அந்தப் பதினேழு மணி நேரத்தில் பாதியையாவது, முன்பே நாலு விஷயம் தெரிந்திருந்தால் நாங்கள் மிச்சப்படுத்தியிருக்கலாம். அதற்கப்புறம் எங்கள் தெருவில் ஐந்து பேர் சேர்ந்து, வக்கீல்களிடம் கேட்டும் பட்டும் கற்றுக்கொண்டதை, இதில் புதிதாக இறங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

யாருக்குப் பயம், ஏன் பயம்

சௌகார்பேட்டை நகைப்பட்டறைகளில் வேலை செய்கிறவர்களில் வங்காளிகள் நிறைய. காசிமேட்டில், மணலி, எண்ணூர், காட்டுப்பள்ளிப் பக்கத்துக் கட்டுமானங்களில், செங்குன்றம் அரிசி ஆலைகளில் கிழக்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறார்கள். 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல் மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து ஒன்பது தொழிலாளர்கள் செத்துப்போனார்களே, அவர்களில் பெரும்பாலோர் அசாமிலிருந்து வந்த பிள்ளைகள். இங்கே வேலைக்கு வருகிறவர்களில் வங்காள மொழி பேசுகிறவர்களுக்குத்தான் இப்போது பயம் அதிகம். முர்ஷிதாபாத்துக்கும் பங்களாதேஷுக்கும் நடுவில் இருப்பது பத்மா ஆறு. அந்தக் கரையிலும் இந்தக் கரையிலும் ஒரே பேச்சு. மேற்கு வங்க முஸ்லிம்கள் தண்ணீரைப் 'பானி' என்பார்கள், அங்குள்ள இந்துக்கள் 'ஜொல்' என்பார்கள். 'பானி' என்றாலே எல்லை தாண்டி வந்தவன் என்று முடிவு கட்டுகிறவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

2025 மே மாதம் மத்திய உள்துறை அமைச்சகம், பங்களாதேஷ், மியான்மரிலிருந்து வந்தவர்கள் என்று சந்தேகப்படுகிறவர்களின் விவரத்தை 30 நாளில் சரிபார்க்கச் சொல்லி மாநிலங்களுக்கு உத்தரவு போட்டது. அந்த ஜூனில், மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு கர்ப்பிணியை டெல்லியில் பிடித்து, குடும்பத்தோடு எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள். கல்கத்தா உயர்நீதிமன்றம் செப்டம்பரில் திரும்பக் கூட்டிவரச் சொன்னது. அவர் இந்தியாவுக்குள் காலடி வைத்தது டிசம்பரில். இந்தச் செய்தி நம் தெருவில் இருக்கும் ஒவ்வொரு வங்காளி வீட்டுக்கும் தெரியும். நமக்குத்தான் தெரியாது. ராத்திரி வண்டிச் சத்தம் கேட்டால் அவர்கள் ஏன் விளக்கை அணைக்கிறார்கள் என்று இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

இவர்களைத் தவிர, புழல் காவாங்கரை முகாமிலும் வெளியிலும் இருக்கும் ஈழத்து மக்கள், மியான்மரிலிருந்து ஓடிவந்த ரோஹிங்கியாக்கள், உண்மையிலேயே காகிதம் எதுவும் இல்லாமல் வந்து சேர்ந்தவர்கள் என்று பலர் உண்டு. சட்டம் ஒவ்வொருவரையும் ஒவ்வொரு விதமாகப் பார்க்கிறது. ஆனால் இவர் குடிமகனா, இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலை இல்லை. அதற்கு ஆபீஸ் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது. அந்தக் கோர்ட் வரைக்கும் ஆள் காணாமல் போகாமல் போய்ச் சேர வேண்டும். நாம் பார்க்க வேண்டியது அதைத்தான். துணைக்கு வருகிற ஒருவர் "நீ உண்மையைச் சொல்லு, எந்த ஊரு?" என்று ஆரம்பித்தால், அந்த வீட்டில் அப்புறம் யாரும் அவரிடம் வாய் திறக்க மாட்டார்கள்.

சட்டத்தில் பக்கத்து வீட்டுக்காரருக்கு இடம் உண்டு

"நாம யாரு போய்க் கேக்க? சொந்தமா, பந்தமா?" என்று முதலில் எல்லோரும் தயங்குவார்கள். நானும் தயங்கினேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைப் பாருங்கள். அதன் 36ஆம் பிரிவின்படி, கைது செய்யும்போது ஒரு குறிப்பு எழுத வேண்டும். அதில் குடும்பத்தார் ஒருவரோ, அந்த வட்டாரத்தில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். 48ஆம் பிரிவு, கைதானவர் பெயர் சொல்லும் உறவினருக்கோ, நண்பருக்கோ, வேறு யாருக்கோ தகவல் கொடுக்கச் சொல்கிறது. அந்த வட்டாரத்து ஆள் நீங்கள்தான். அந்த 'வேறு யாரோ'வும் நீங்களாக இருக்கலாம். 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட விதிகளிலிருந்து வந்தவை இவை.

இதோடு இன்னும் சிலவற்றை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். எழுத்தில், அவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்த வேண்டும். விசாரணையின்போது வக்கீலைப் பார்க்கும் உரிமை உண்டு. விசேஷக் காரணம் இல்லாமல் பெண்களைச் சூரியன் மறைந்த பிறகு கைது செய்யக் கூடாது. சாட்சியாக விசாரிக்கப் பெண்களையும் 60 வயது தாண்டியவர்களையும் ஸ்டேஷனுக்கு வரச்சொல்ல முடியாது, வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும். அரசியலமைப்பில் சமத்துவம் பற்றிய 14ஆம் உறுப்பும், உயிர், சுதந்திரம் பற்றிய 21ஆம் உறுப்பும் குடிமகன் என்று சொல்லவில்லை, 'நபர்' என்றுதான் சொல்கின்றன. வெளிநாட்டவருக்கும் அவை பொருந்தும்.

2025 செப்டம்பர் 1 முதல் பழைய வெளிநாட்டவர் சட்டத்துக்குப் பதிலாகக் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம், 2025 வந்துவிட்டது. பாஸ்போர்ட், விசா இல்லாமல் உள்ளே வந்தால் ஐந்து வருடம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். வெளிநாட்டவர் இல்லை என்று நிரூபிக்கும் பாரமும் அவர் தலையில்தான். இது கடுமையானது. என்றாலும் 2024 ஜூலையில், அசாம்காரர் ஒருவரின் வழக்கில், பழைய சட்டத்தின் இதே விதியைப் பற்றி உச்ச நீதிமன்றம் சொன்னது முக்கியம்: கையில் எந்த ஆதாரமும் இல்லாமல், சும்மா ஒருவரைப் பிடித்து 'நீ குடிமகன் என்று காட்டு' என்று கேட்க முடியாது. இந்தத் தீர்ப்பு வக்கீலுக்குத் தெரிந்திருக்கும். உங்களுக்கும் தெரிந்திருந்தால் ஸ்டேஷன் வாசலில் முதுகு கொஞ்சம் நிமிரும்.

ஒன்றும் நடக்காத நாட்களில் செய்ய வேண்டியது

உண்மையான வேலை முழுக்க இங்கேதான் இருக்கிறது. வண்டி வந்த பிறகு நாம் செய்வது கொஞ்சம். அதற்கு முன்னால் செய்து வைத்ததுதான் கை கொடுக்கும்.

முதலில் பழகுங்கள். ஞாயிற்றுக்கிழமை தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது பேசுங்கள். அவர்களுடைய பாஷையில் நாலு வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள். 'போய் நேய்' என்றால் பயமில்லை. 'காகொஜ்' என்றால் காகிதம். வக்கீலுக்கு அவர்கள் சொல்வது 'உகில்'; நம் வக்கீலும் அந்த உகிலும் ஒரே அரபுச் சொல்லின் பிள்ளைகள். தெருவில் வங்காளமும் தமிழும் தெரிந்த ஒருவர் நிச்சயம் இருப்பார். பல வருடமாகத் தங்கிவிட்ட நகைப்பட்டறைக்காரர், இல்லையென்றால் இங்கேயே கார்ப்பரேஷன் பள்ளியில் படிக்கிற பிள்ளை. பெரியவர் யாராவது கிடைத்தால் அவர் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளையை ஸ்டேஷன் மொழிபெயர்ப்பாளராக நடு ராத்திரி இழுத்துக்கொண்டு போக வேண்டாம்.

அடுத்து, உங்கள் போன் நம்பரை அவர் மனப்பாடம் செய்ய வேண்டும். சேமித்து வைத்தால் போதாது. ஸ்டேஷனில் முதலில் வாங்கி வைப்பது போனைத்தான். எங்கள் கொத்தனார் என் நம்பரைத் தன் சாப்பாட்டு டப்பா மூடியின் உள்பக்கம் ஆணியால் கீறி வைத்திருக்கிறார். பத்து எண்ணும் வங்காள எழுத்தில். தினமும் மத்தியானம் மூடியைத் திறக்கும்போது ஒரு தடவை படிப்பாராம். இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அவர் மனைவிக்கும் அதே பாடம்.

அப்புறம் காகிதப் பை. ஜிப் வைத்த பிளாஸ்டிக் ஃபைல், ஸ்டேஷனரிக் கடையில் கிடைப்பதுதான். அசல் எல்லாம் ஊரில் பத்திரமான இடத்தில் இருக்கட்டும், இங்கே இரண்டு செட் ஜெராக்ஸ். ஒரு செட் அவர் வீட்டில், ஒன்று உங்கள் வீட்டில். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து மூன்று பேர் போனில் வைக்க வேண்டும்: அவர், நீங்கள், ஊரில் ஒருவர்.

அதில் என்ன இருக்க வேண்டும்? ஆதார் அட்டையை எல்லோரும் நீட்டுவார்கள். ஆதார் குடியுரிமைக்குச் சான்று இல்லை என்று அதன் சட்டமே சொல்கிறது. இருந்தாலும் வைத்துக்கொள்ளுங்கள், ஆள் யார் என்று காட்ட உதவும். பலமான காகிதங்கள் வேறு. பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் இருந்தால் பாஸ்போர்ட், பள்ளிச் சான்றிதழ், ஊரில் இருக்கும் நிலப்பத்திரம், அப்பா அம்மாவின் பெயர் இருக்கும் பழைய வாக்காளர் பட்டியல். அப்பா அம்மாவின் காகிதம் ஏன் என்றால், குடியுரிமைச் சட்டப்படி 1987 ஜூலை 1க்கு முன்னால் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அந்தத் தேதியிலிருந்து 2004 டிசம்பர் 3க்குள் பிறந்தவர் என்றால் பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருக்க வேண்டும். அதற்கப்புறம் பிறந்தவருக்கு, ஒருவர் குடிமகனாக இருப்பதோடு மற்றவர் சட்டவிரோதமாக வந்தவராக இருக்கவும் கூடாது. முப்பது வயதுக்காரரை அப்பாவின் காகிதம்தான் காப்பாற்றியது என்றால் காரணம் இதுதான். மேற்கு வங்கத்தில் 2002ஆம் வருடத்துப் பட்டியலைத்தான், 2025இல் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்கு அடிப்படையாக எடுத்தார்கள். அந்தப் பக்கத்தை இப்போதே எடுத்துப் பையில் போடச் சொல்லுங்கள்.

பெயர்களைக் கொஞ்சம் உட்கார்ந்து பாருங்கள். இங்கேதான் பல பேர் மாட்டுகிறார்கள். வங்காளத்து அட்டைகளில் 'ஷேக்' என்பதைச் சுருக்கி ஆங்கிலத்தில் இரண்டே எழுத்தில் அடித்திருப்பார்கள். நம் ஆட்கள் அதை 'எஸ்.கே.' என்று இனிஷியலாகப் படிப்பார்கள். ஆதாரில் முழுசாக 'ஷேக்', வாக்காளர் அட்டையில் 'எஸ்.கே.' என்றால் இரண்டும் வேறு ஆள் என்று சந்தேகம் வந்துவிடும். பெண்களுக்குக் கல்யாணத்துக்கு முன் 'காதுன்', பின்னால் 'பீபி' என்று இருக்கும். 'மண்டல்' ஓர் இடத்தில் 'மொண்டல்' ஆகியிருக்கும். ஒரே நபர்தான் என்று நோட்டரியிடம் ஒரு உறுதிமொழிப் பத்திரம் எழுதி வாங்கிப் பையில் வைத்துவிட்டால் பாதித் தலைவலி போகும். உயர்நீதிமன்றத்தைச் சுற்றி நோட்டரிகளுக்குப் பஞ்சமில்லை.

வேலைக்குப் போன நாட்களை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதச் சொல்லுங்கள்: தேதி, இடம், மேஸ்திரி பெயர், கூலி, பாக்கி. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு மத்திய அரசு கொடுக்கும் இ-ஷ்ரம் அட்டை இல்லை என்றால் பதிவு செய்யுங்கள், உதவிக்கு 14434. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் அவர் ஊர் அட்டையை வைத்தே இங்கே ரேஷன் கடையில் அரிசி, கோதுமை வாங்கலாம். அந்த வரவும் அவர் இந்த நாட்டில் அட்டை உள்ளவர் என்பதற்கு ஒரு தடயம்.

வீட்டு ஓனரிடம் நீங்களே ஒருமுறை பேசுங்கள். பயந்துபோய்க் காலி பண்ணச் சொல்வது, இல்லையென்றால் வாடகைக்கு இருப்பதையே மறைப்பது, இரண்டுமே ஆபத்து. வாடகை ஒப்பந்தம் எழுதி, ஸ்டேஷன் கேட்கும் வாடகைக்காரர் விவரப் படிவத்தை நிரப்பிக் கொடுத்து, அதன் நகலில் சீல் வாங்கி வைத்தால் ஓனருக்கும் பாதுகாப்பு, குடித்தனக்காரருக்கும் பாதுகாப்பு.

கடைசியாக, பிள்ளைகள். அப்பா அம்மா இருவரையும் கூட்டிப் போய்விட்டால் பிள்ளை யார் வீட்டில் இருக்கும், என்ன சாப்பிடும், என்ன மருந்து, பள்ளியில் யாரிடம் சொல்ல வேண்டும்? இதை ஒரு தாளில் எழுதி அந்தப் பெற்றோரிடமே கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேட்கவே சங்கடமாக இருக்கும். நான் கேட்டபோது அந்தப் பெண் அழுதாள். அப்புறம் குழந்தைக்கு வேர்க்கடலை ஆகாது என்று சொல்லி, அதையும் எழுதச் சொன்னாள்.

வண்டி வந்த ராத்திரி

கதவுக்கு வெளியே நீங்கள் இருந்தால், கத்த வேண்டாம், வழி மறிக்க வேண்டாம். வண்டி எண், நேரம், வந்தவர்கள் எத்தனை பேர், சட்டையில் இருக்கும் பெயர், எந்த ஸ்டேஷன் என்று சொன்னார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கைது செய்ய வருகிற அதிகாரி பெயர் தெளிவாகத் தெரியும்படி அணிந்திருக்க வேண்டும் என்பதும் அந்த 36ஆம் பிரிவிலேயே இருக்கிறது. "சார், எந்த ஸ்டேஷன்னு சொல்லுங்க, நான் காகிதம் எடுத்துட்டு வரேன்" என்று மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் சொல்வார்கள். கொண்டு போகப்படுகிறவருக்கு ஒரே விஷயத்தை மட்டும் நினைவுபடுத்துங்கள்: புரியாத பாஷையில் இருக்கும் எந்தத் தாளிலும் கையெழுத்தோ ரேகையோ வைக்க வேண்டாம், உகில் வேண்டும் என்று சொல்.

அப்புறம் இரண்டு பேராக ஸ்டேஷனுக்குப் போங்கள். தனியாகப் போகாதீர்கள், கூட்டமாகவும் போகாதீர்கள். ஒருவர் பேச, ஒருவர் எழுத. கூடவே ஒரு பெண் வந்தால் நல்லது. பாராவில் நிற்பவரிடம் பெயரும் வந்த காரணமும் சொல்லிவிட்டு ரைட்டரையோ எஸ்.ஐ.யையோ பாருங்கள். கேட்க வேண்டியவை இவ்வளவுதான்: அவர் இங்கே இருக்கிறாரா? இது கைதா, விசாரணையா? என்ன பிரிவு? கைதுக் குறிப்பு எழுதியாகிவிட்டதா? எப்போது, எந்த மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்தப் போகிறீர்கள்? பதிலை அவர் கண் முன்னாலேயே நேரம் போட்டு எழுதுங்கள். அங்கே இல்லை என்று சொன்னால் அதையும் நேரத்தோடு எழுதுங்கள். பின்னால், ஆளைக் கோர்ட் முன்னால் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் ஆட்கொணர்வு மனு போட நேர்ந்தால் அந்தத் தாள்தான் முதல் சாட்சி.

காகிதப் பையின் ஜெராக்ஸைக் கொடுங்கள், அசலைக் கொடுக்காதீர்கள். கொடுத்ததற்கு ஒரு பட்டியல் எழுதி 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துக் கேளுங்கள். போட மறுத்தால் அதே பட்டியலைப் போட்டோவோடு உங்களுக்குள் பகிர்ந்து வையுங்கள். அவருக்குச் சர்க்கரையோ ஆஸ்துமாவோ இருந்தால் மாத்திரையைக் கையோடு கொண்டு போங்கள். தண்ணீர், பன், ஒரு போர்வை. எங்கள் ஆளுக்கு அன்றைக்கு ராத்திரி யாரும் போர்வை கொடுக்கவில்லை, ஈரச் சட்டையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு அவர் அதைத்தான் முதலில் சொல்கிறார்.

ஸ்டேஷனுக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 15100க்குப் போன் போடுங்கள். தேசியச் சட்டப் பணிகள் ஆணையத்தின் இலவச எண் அது. 1987ஆம் வருடத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, காவலில் இருக்கும் யாருக்கும், எந்தப் பெண்ணுக்கும், எந்தக் குழந்தைக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. குடிமகனாக இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. மாநில ஆணையமே நம் பக்கத்தில், பாரிமுனை உயர்நீதிமன்ற வளாகத்தில்தான் இருக்கிறது. காலையில் ஆபீஸ் திறக்கும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும். பகலில் ஒருநாள் போய் இடத்தைப் பார்த்து வைத்துக்கொண்டால் அன்றைக்குத் தேட வேண்டியதில்லை. வீட்டில் பிள்ளைகள் தனியாக மாட்டிக்கொண்டால், குழந்தைகள் உதவி எண் 1098.

மறுநாள்

இங்கே பலர் ஸ்டேஷன் வாசலிலேயே காத்துக் கிடப்பார்கள். அதே நேரத்தில் ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் வேலை நடக்க வேண்டும். இங்கிருந்து விவரம் சரிபார்க்கச் சொல்லி அவர் சொந்த மாவட்டத்துக்குத்தான் கேள்வி போகும். அதனால் ஊரில் இருக்கும் அண்ணனோ மச்சானோ காகிதங்களோடு அந்த ஊர்க் காவல் நிலையத்துக்கும், பஞ்சாயத்துத் தலைவரிடமும், வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கும் உடனே போக வேண்டும். பதில் அங்கே மேஜையில் தூங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியது அவர்கள் பொறுப்பு. மேற்கு வங்கத்தில் வெளியூர்த் தொழிலாளர்களுக்கென்றே அரசு நல வாரியம் இருக்கிறது, அங்கேயும் சொல்லச் சொல்லுங்கள். எங்கள் விஷயத்தில் கதவைத் திறந்தது சென்னையில் நாங்கள் போட்ட கெஞ்சல் இல்லை. ஊரில் அவர் அண்ணன் சைக்கிளில் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போய் எடுத்து அனுப்பிய அந்த ஒரு பக்கம்தான்.

24 மணி நேரம் தாண்டியும் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்தவில்லை, ஆள் எங்கே என்றும் தெரியவில்லை என்றால், காத்திருக்காதீர்கள். வக்கீல் மூலம் உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். அவர் குடும்பம் ஊரில் இருந்தால் நண்பராக நீங்களே மனுதாரர் ஆகலாம். மாநிலத்தை விட்டு வெளியே கொண்டுபோகும் பேச்சு காதில் விழுந்தால், அந்த நிமிடமே வக்கீலுக்குச் சொல்லுங்கள். எல்லை தாண்டித் தள்ளிய பிறகு திரும்பக் கொண்டுவருவது மாதக்கணக்காகும் என்பதற்கு அந்தப் பீர்பூம் பெண்ணே சாட்சி.

ஈழத்து வீடுகளும் மற்றவர்களும்

1983க்குப் பிறகு வந்த ஈழத்து மக்களின் கதை தனி. முகாம்களுக்கு இப்போது மறுவாழ்வு முகாம் என்று பெயர். பதிவு பெற்று, 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்த இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டனை இல்லை என்று 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு உத்தரவு போட்டிருக்கிறது. இது பலருக்கு இன்னும் தெரியாது, சொல்லுங்கள். விலக்கு என்பதால் குடியுரிமை வந்துவிடவில்லை. 2019ஆம் வருடத்துக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் அவர்களுக்கு இடமில்லை. ஆனால் 1987 ஜூலைக்கு முன்னால் முகாமிலேயே பிறந்தவர்கள் பிறப்பால் குடிமக்கள். அப்படிப் பிறந்த ஒருவருக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022இல் சென்னை உயர்நீதிமன்றமே உத்தரவிட்டது. உங்களுக்குத் தெரிந்த அக்கா, அண்ணன் யாராவது மண்டபம் முகாமில் 1985, 86இல் பிறந்தவர் என்றால், பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். காகித வேலைகளுக்கு ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தில் பல வருட அனுபவம் உள்ளவர்கள் இருக்கிறார்கள்.

ரோஹிங்கியாக்கள் கையில் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அட்டை இருக்கும். 1951ஆம் வருட அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை, அதனால் அந்த அட்டை விசா ஆகாது. ஆனால் யாரிடம் தகவல் சொல்ல வேண்டும் என்பதை அது காட்டும். ஆணையத்துக்குச் சென்னையிலேயே அலுவலகம் உண்டு. உரிய நடைமுறை இல்லாமல் நாடு கடத்தக் கூடாது என்று 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னதை வக்கீலிடம் நினைவுபடுத்துங்கள். எந்த நாட்டுப் பிள்ளையாக இருந்தாலும் காய்ச்சல் என்றால் ஸ்டான்லிக்கு, பிரசவம் என்றால் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம்.முக்குக் கூட்டிப் போங்கள். உயிர் போகிற அவசரத்தில் காகிதம் கேட்டு நேரத்தைக் கழிக்கக் கூடாது, அதற்கு நீங்கள் கூட நின்றாலே போதும்.

செய்யக் கூடாதவை

காகிதம் இல்லாதவருக்குக் 'காசு கொடுத்தா ஆதார் வாங்கித் தரேன்' என்று ஏஜென்ட் வருவான். அவனைத் தெருவுக்குள் விடாதீர்கள். போலி பாஸ்போர்ட்டோ விசாவோ பிடிபட்டால் புதிய சட்டத்தில் குறைந்தது இரண்டு வருடம், ஏழு வருடம் வரை சிறை. வக்கீல் வைப்பது, சோறு கொடுப்பது, கூடப் போய் நிற்பது எதுவும் குற்றம் இல்லை. பொய்யான பெயர் சொல்வது, போலிக் காகிதத்துக்குச் சாட்சி போடுவது, தேடப்படுகிறவரை ஒளித்து வைப்பது ஆகியவை உங்களையும் அவரையும் சேர்த்துக் கவிழ்க்கும். தெரியாததைத் தெரியாது என்றே ஸ்டேஷனில் சொல்லுங்கள்.

வாட்ஸ்அப் விஷயத்தில் ரொம்பக் கவனம் வேண்டும். 2023 மார்ச்சில் பிகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பயந்துபோன எத்தனையோ பேர் சென்ட்ரலில் மூட்டையோடு ரயிலுக்குக் காத்துக் கிடந்தார்கள். 2018 மேயில், பிள்ளை பிடிக்கிறவன் என்று கிளம்பிய வதந்தியில் நமக்கு வடக்கே பழவேற்காட்டில் ஒரு மனிதரை அடித்தே கொன்றார்கள். 'இன்னைக்கு ராத்திரி எல்லா ஏரியாவிலும் ரெய்டு' என்று குரல் பதிவு வந்தால், யார் பார்த்தது, எந்தத் தெரு, எத்தனை மணி என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் இல்லாத செய்தியை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். பிடிபட்டவரின் முகம், வீட்டு விலாசம், பிள்ளைகள் படம் எதையும் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். டீக்கடையில் 'வடக்கன்' என்று யாராவது ஆரம்பித்தால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். வியாசர்பாடியில் எங்கள் ஆயா 1965இல் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவள். 'பர்மாக்காரி' என்று குழாயடியில் சொன்னதைச் சாகும்வரை மறக்கவில்லை. கப்பலில் கொடுத்த காகிதத்தை நாலாக மடித்துச் சுருக்குப் பையில் வைத்திருந்தாள். மடித்த இடமெல்லாம் கிழிந்து, பின்னால் துணி ஒட்டியிருந்தது. யாராவது கேட்பார்கள் என்று கடைசிவரை அவளுக்குப் பயம்.

விட்டு அனுப்பிய பிறகு

ஆள் வெளியே வந்ததும் எல்லோரும் நிம்மதியாகக் கலைந்து போய்விடுவார்கள். அன்றைக்கே செய்ய வேண்டியவை சில உண்டு. போன், பர்ஸ், அட்டைகள் எல்லாம் திரும்ப வந்ததா என்று வாசலிலேயே எண்ணிப் பாருங்கள். என்ன காரணத்துக்காகக் கூட்டிவந்தார்கள், எப்போது விட்டார்கள் என்று எழுத்தில் ஏதாவது கொடுத்தால் வாங்குங்கள். கொடுக்கவில்லை என்றால் நீங்களே நடந்ததை நேர வரிசையில் ஒரு தாளில் எழுதி, அவரிடமும் உங்களோடு வந்தவரிடமும் கையெழுத்து வாங்கி வையுங்கள். அடி பட்டிருந்தால் அன்றைக்கே அரசு மருத்துவமனையில் காட்டிச் சீட்டு வாங்குங்கள், நாளைக்கு என்று தள்ளினால் வீக்கம் வடிந்துவிடும்.

மேஸ்திரி, 'போலீஸ் கேஸ் ஆளு' என்று கூலி பாக்கியை அமுக்கப் பார்ப்பார். அந்த நாற்பது பக்க நோட்டு இப்போதுதான் உதவும். முதலில் இரண்டு பேராகப் போய்ப் பேசுங்கள், மசியவில்லை என்றால் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் தொழிலாளர் துறையில் மனு கொடுங்கள். அவர் ஊருக்கே போய்விடுகிறேன் என்பார். தடுக்க வேண்டாம், வற்புறுத்தவும் வேண்டாம். டிக்கெட் எடுத்துக் கொடுங்கள், அட்வான்ஸ் பணம் ஓனரிடமிருந்து வந்ததா என்று பாருங்கள், பிள்ளையின் பள்ளி மாற்றுச் சான்றிதழை வாங்கிக் கொடுங்கள்.

எங்கள் கொத்தனார் போகவில்லை. அவர் வீட்டுப் பை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. போன வாரம் பக்கத்துத் தெருவில் புதிதாக மூன்று பையன்கள் வந்து இறங்கியிருக்கிறார்கள், மால்டா பக்கம். ஞாயிற்றுக்கிழமை அவரும் நானும் அங்கே போகிறோம். அவர் டப்பா மூடியை எடுத்துக்கொண்டு வருகிறார், நான் மூன்று ஃபைல் வாங்கி வைத்திருக்கிறேன்.